உங்கள் கணினியில் எத்தனை பைத்தான்?

சென்ற பருவத்தில் ஒருநாள் இரவு பதினொரு மணி இருக்கும். என் குழுவில் இருந்த தோழி அழாத குறையாகத் தொலைபேசியில் அழைத்தாள். மறுநாள் திட்டப்பணியை ஒப்படைக்க வேண்டும். தரவுகளைக் கையாள உதவும் ‘பாண்டாஸ்’ தொகுப்பைத் தன் மடிக்கணினியில் நிறுவியிருந்தாள். நிறுவியாயிற்று என்று திரையும் சொன்னது. ஆனால், நிரலை இயக்கினால் அப்படியொரு தொகுப்பே இல்லை என்று பிழைச் செய்தி வருகிறது. நான்கு முறை நிறுவிப் பார்த்துவிட்டாள். “எனக்கும் கணினிக்கும் ஒத்துவராது போலிருக்கு. இந்தப் பாடத்தையே விட்டுடலாமான்னு பார்க்கிறேன்” என்றாள்.

அவள் எழுதிய நிரலில் ஒரு பிழையும் இல்லை.

அவளுடைய கணினியில் மூன்று பைத்தான்கள் இருந்தன. ஒன்று, பைத்தான் இணையத்தளத்திலிருந்து இறக்கியது. இன்னொன்று, வேறொரு பாடத்துக்காக அனகோண்டாவை நிறுவியபோது கூடவே வந்தது. மூன்றாவது, எப்போதோ மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து எடுத்தது. தொகுப்பை நிறுவியது ஒன்றில். விஷுவல் ஸ்டூடியோ கோட் இயக்கியது இன்னொன்றை. வீட்டில் இரண்டு குளிர்பதனப் பெட்டிகள் இருக்க, ஒன்றில் பாலை வைத்துவிட்டு மற்றதைத் திறந்து ‘பால் எங்கே’ என்று தேடிய கதைதான். கண்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தி, ‘செலக்ட் இன்டர்பிரட்டர்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் எல்லாப் பைத்தான்களும் வரிசையாக வரும். சரியானதைச் சொடுக்கச் சொன்னேன். அரை நிமிட வேலை. நானும் முதல் பருவத்தில் இதே குழியில் விழுந்தவன் என்பதால்தான் எனக்குத் தெரிந்திருந்தது.

முதல் வாரத்திலேயே மாறிகள், சுழற்சிகள் என்று பாடம் ஓடத் தொடங்கிவிடுகிறது. நாம் எழுதுவதை இயக்கப்போவது எது, அது கணினியில் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் ‘நீங்களே நிறுவிக்கொண்டு வாருங்கள்’ என்ற ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் தகவல் தொழில்நுட்பம் படித்து வந்தவர்கள் சமாளித்துக்கொள்கிறார்கள். தொடக்கக் கல்லூரியில் கணினிப் பாடமே எடுக்காதவர்கள், கோளாறு தங்களிடம்தான் என்று நினைத்துவிடுகிறார்கள்.

உலாவியிலேயே இயங்கும் கூகல் கொலாப் இருக்கிறதே என்று கேட்கலாம். முதல் சில பாடங்களுக்கு அது நல்லதுதான். ஆனால், பிரச்சினையை அது தள்ளிப்போடுகிறதே தவிரத் தீர்ப்பதில்லை. ஒரே கணினியில் இரண்டு திட்டப்பணிகள் செய்யும் நாள் வந்தே தீரும். இரண்டுக்கும் ஒரே பதிப்பு பொருந்தாமல் போகலாம். ‘மேட்ச்’ கட்டளை 2021ல் வெளிவந்த 3.10 பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. அதையே 3.9ல் இயக்கினால் தொடரமைப்புப் பிழை என்று நின்றுவிடும். (3.10 என்பது 3.9ஐ விடப் பழையது என்று நான் ஒரு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். தசம எண் போலப் படித்த கோளாறு.) ஒவ்வொரு திட்டப்பணிக்கும் தனி மெய்நிகர் சூழல் அமைத்துக்கொள்ளும் வசதி 2012ல் வந்த 3.3 பதிப்பிலிருந்தே பைத்தானுடன் சேர்ந்தே வருகிறது. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

விரிவுரையாளர்களிடம் நான் கேட்பது முதல் வாரத்தில் ஒரே ஒரு மணி நேரம். எந்தப் பைத்தான் இயங்குகிறது என்று அதன் முகவரியை ஒவ்வொருவரும் திரையில் அச்சிட்டுப் பார்க்கட்டும். ஒரு மெய்நிகர் சூழலை அமைத்து, அதில் ஒரு தொகுப்பை நிறுவட்டும். பிறகு வேண்டுமென்றே தவறான பைத்தானைத் தேர்ந்தெடுத்து இயக்கட்டும். அந்தப் பிழைச் செய்தியை முதல்முறை பார்க்கும்போது பக்கத்தில் கேட்க ஓர் ஆள் இருக்கட்டும்.