உன் பலம் என்னன்னு கேட்டா

பக்கத்து வீட்டுப் பையன் சென்னைக்கு இன்டர்வியூ போயிட்டு வாடிப்போய் வந்தான். "உங்க பலம் என்ன"ன்னு கேட்டாங்களாம். "கடின உழைப்பு"ன்னு மனப்பாடமாச் சொல்லியிருக்கான்.

ஏன்டா, மூணு வருசமா அப்பாவோட வத்தல் கணக்கைப் பார்த்து, கமிஷன் கடையில எடை குறைஞ்சா தட்டிக் கேட்டவன் நீதானே? "அதையெல்லாமா சொல்லுவாங்க பெரியப்பா"ங்கிறான்.

நம்ம ராமேஸ்வரம் கலாம் ஐயா, உலகப்போர் சமயம் ஓடுற ரயில்ல இருந்து வீசின பேப்பர் கட்டைப் பிடிச்சுக் கொடுத்து சம்பாதிச்சதைப் பெருமையாத்தான் எழுதினார். விமானப்படைத் தேர்வுல 25 பேர்ல ஒன்பதாவதா வந்தார். எடுத்தது எட்டுப் பேரை. அதனால பலம் இல்லாதவர்னு ஆயிடுமா?

இன்டர்வியூ எடுக்கிற பட்டணத்து நண்பர்களே, கிராமத்துப் பையன் "கடின உழைப்பு"ன்னா, "எங்கே உழைச்சே?"ன்னு இன்னொரு கேள்வி கேளுங்க. மீதி தானா வரும்.