இல்லை என்பதும் ஒரு விடைதான்

நம் பெண்ணாடம் பக்கத்தில் ஒரு பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்துவிட்டு, "நான் பி.எஸ்சி. இயற்பியல் படித்து ஆராய்ச்சிக்குப் போகப்போகிறேன்" என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அப்பா பேசமாட்டார். மாமா பேசுவார். "அதில் என்ன வருமானம்? எத்தனை வருஷம் படிப்பு? கடைசியில் என்னத்தைக் கண்டுபிடிக்கப்போகிறாய்?"

பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால் இந்த மாதிரிப் பஞ்சாயத்துக்கு என்னையும் கூப்பிடுவதுண்டு. நான் பெரும்பாலும் பிள்ளை பக்கம்தான். ஆனாலும் மாமாவின் கேள்விகள் நியாயமானவை. மழுப்பாமல் பதில் சொல்லவேண்டும். அதற்கு ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்கிறேன்.

அவர் பெயர் பி.வி. ஸ்ரீகண்டன். 1925-ல் மைசூருக்குப் பக்கத்தில் நஞ்சன்கூட்டில் பிறந்தவர். 1948-ல், பம்பாயில் ஹோமி பாபா நிறுவியிருந்த டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கிருந்து பாபா அவரை அனுப்பிய இடம் கோலார் தங்கவயல். 1951-லிருந்து அவர் சுரங்கத்துக்குள் இறங்கத் தொடங்கினார். தங்கம் தேடி அல்ல, மியூவான் என்ற துகளை எண்ணுவதற்காக.

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் நம் காற்று மண்டலத்தில் மோதும்போது பிறப்பது மியூவான். உங்கள் உள்ளங்கையை விரித்துப் பிடியுங்கள். நொடிக்கு ஏறக்குறைய ஒரு மியூவான் அதைத் துளைத்துக்கொண்டு போகிறது. வலிக்காது, தெரியாது. மண்ணையும் பாறையையும் தாண்டி அது எவ்வளவு ஆழம் போகும் என்று அளக்க, உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருந்தது. அந்தச் சுரங்கத்தில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து போன நம் தமிழர்கள்தான்.

ஆழம் கூடக்கூட மியூவான் குறைந்தது. 1960-களின் தொடக்கத்தில், இரண்டரை கிலோமீட்டருக்கும் கீழே கருவியை வைத்து இரண்டு மாதம் காத்திருந்தார்கள். ஒன்றுகூட வரவில்லை. பூஜ்யம்.

நம்மில் பலர் மூட்டை கட்டியிருப்போம். அவர்களோ வேறு விதமாக யோசித்தார்கள். மியூவானின் சந்தடியே இல்லாத இடம் என்றால், எதையும் ஊடுருவிப்போகும் நியூட்ரினோவைக் கேட்க இதைவிட அமைதியான இடம் உண்டா? காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ எப்போதாவது ஒன்று பாறையில் மோதும். மோதினால் ஒரு மியூவான் பிறந்து பக்கவாட்டில் ஓடிவரும். அதைப் பிடிக்கக் கருவிகளை நிறுத்தினார்கள். டாட்டா நிறுவனத்தாரோடு ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்த வேலை அது. 1965 ஆகஸ்டில் முடிவு அச்சேறியது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் இதே வேலையைச் செய்த அமெரிக்கர் ஃபிரெட் ரெய்ன்ஸ் குழுவின் கட்டுரை இரண்டு வாரம் கழித்து வந்தது.

நியூட்ரினோவை அவர்கள் கண்ணால் பார்க்கவில்லை. விளைவைப் பார்த்துக் காரணத்தை அறிந்தார்கள். மெய்கண்டாரின் ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. காண்டல், கருதல், உரை என்ற மூன்று அளவைகளையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். புகையைக் கண்டு நெருப்பை அறியும் அந்தக் கருதல் அளவைதான் இதுவும். அங்கே புகையைக் காணவே பல வருஷம் பிடித்தது, அவ்வளவுதான்.

அடுத்து வந்தது இன்னும் பெரிய காத்திருப்பு. புரோட்டான் என்றாவது ஒருநாள் தானாகச் சிதையும் என்று கோட்பாட்டாளர்கள் சொன்னார்கள். அதைச் சோதிக்க 1980-ல் கோலாரில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், 140 டன் இரும்பும் வரிசை வரிசையாக எஃகுக் குழாய்களும் கொண்ட கருவியை இயக்கினார்கள். பத்து வருஷத்துக்கு மேல் ஓடியது. சிதைவாக இருக்கலாமோ என்று சில தடயங்கள் தெரிந்தன. வேறு நாடுகளின் பெரிய கருவிகள் அவற்றை உறுதிப்படுத்தவில்லை. இன்றுவரை எந்த நாட்டிலும் புரோட்டான் சிதைந்ததாக நிரூபணம் இல்லை.

அப்படியானால் அத்தனை பேரின் உழைப்பும் வீணா?

விருத்தாசலத்துப் பீங்கான் வேலைக்காரர்களைக் கேட்டுப்பாருங்கள். சூளை ஆறிப் பிரிக்கும்வரை உள்ளே இருப்பது முழுசா விரிசலா என்று யாருக்கும் தெரியாது. விரிசல் விட்டாலும் அந்த மண்ணைப் பற்றி, அந்தச் சூட்டைப் பற்றி ஒன்று கற்றாயிற்று. புரோட்டான் இத்தனை காலத்துக்குள் சிதையாது என்று தெரிந்ததால், அன்று பேர்போன சில கோட்பாடுகள் தவறு என்று ஒதுக்கப்பட்டன. ஜப்பானில் இதே புரோட்டான் சிதைவைத் தேடி நிறுவப்பட்ட கமியோகாண்டே கருவியும் அதைக் காணவில்லை. ஆனால் 1987-ல் வெடித்த ஒரு நட்சத்திரத்திலிருந்து வந்த நியூட்ரினோக்களைப் பிடித்தது. அதற்காக கொஷிபாவுக்கு 2002-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கோலார் சோதனைகள் 1990-களின் தொடக்கத்தில் நின்றன. 2001-ல் சுரங்கமும் மூடப்பட்டது. ஆனால் அந்த எஃகுக் குழாய்கள் பழைய இரும்புக்குப் போகவில்லை. நம் ஊட்டிக்கு வந்தன. 1950-களிலிருந்தே அங்கே டாட்டா நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடம் உண்டு. ஸ்ரீகண்டனும் பல வருஷம் அதில் உழைத்தவர். இன்று அங்கே கிரேப்ஸ்-3 என்ற சோதனையில் 3,712 குழாய்கள் இரவும் பகலும் மியூவான்களை எண்ணுகின்றன. 2014 டிசம்பர் 1-ம் தேதி ஊட்டிக்கு மேலே வந்த ஓர் இடிமேகத்தால் மியூவான் எண்ணிக்கை சற்றே குறைந்தது. அந்தக் குறைவை வைத்துக் கணக்கிட்டு, அந்த மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்தது என்று 2019-ல் அறிவித்தார்கள். அதற்கு முன் பலூன் விட்டு அளந்ததில் கிடைத்த உச்சத்தைப்போல் பத்து மடங்கு. இடிமேகத்துக்குள் 100 கோடி வோல்ட் அளவுக்கு இருக்கலாம் என்று வில்சன் என்ற விஞ்ஞானி 1920-களிலேயே கணித்திருந்தார். தொண்ணூறு வருஷம் கழித்து நம் ஊட்டி விடை சொன்னது. அதே 2019-ல்தான் ஸ்ரீகண்டன், தம் 94-வது வயதில் காலமானார்.

இப்போது மாமாவின் கேள்விகளுக்கு வருகிறேன்.

வருமானம்: தேசியத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். தகுதி பெற்றால் இப்போது மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. பிள்ளை பட்டினி கிடக்காது. ஆனால் உடன் படித்தவன் சென்னையில் வீடு வாங்கும்போது இவன் விடுதி அறையில் இருப்பான். அதைக் குத்திக்காட்டக் கூடாது.

எத்தனை வருஷம்: முனைவர் பட்டம் முடிய இருபத்தெட்டு வயதாவது ஆகும். அதற்குப் பின்னும் நிலையான வேலைக்குச் சில வருஷம் அலையவேண்டும். கல்யாணப் பேச்சை எடுக்கும் முன் வீடு இதைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

என்னத்தைக் கண்டுபிடிப்பான்: ஒருவேளை ஒன்றும் இல்லை. பெயரும் தனியாகத் தெரியாது. 2015-ல் ஜெனிவாவின் செர்ன் ஆய்வகத்திலிருந்து ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி வந்த ஒரு கட்டுரையில் ஆசிரியர்கள் 5,154 பேர். தேர் இழுப்பது மாதிரி. வடத்தைப் பிடித்த கைகளில் எந்தக் கை இழுத்துத் தேர் நகர்ந்தது என்று யார் சொல்வது?

ஒரு தலைமுறையின் காத்திருப்பு வீணாகும் விதம் வேறு ஒன்றும் உண்டு. தேனி பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் கட்ட 2015-ல் மத்திய அமைச்சரவை ஏறக்குறைய 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. மலையும் தண்ணீரும் என்னவாகும் என்று ஊர்க்காரர்கள் கேட்டது அவர்கள் உரிமை. அதற்குச் சரியான பதில் அவர்கள் மொழியில், அவர்கள் ஊரிலேயே முதலில் சொல்லப்பட்டிருக்கவேண்டும். நியூட்ரினோவே ஆபத்து என்று பரப்பியதும் சரியல்ல. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோ, நகத்தளவு இடத்தில் மட்டும் நொடிக்குச் சுமார் 6,000 கோடி நம்மை ஊடுருவிப்போகிறது. எந்தப் பக்கம் நியாயம் என்றாலும், வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சீக்கிரம் முடிவு சொல்லாமல் இழுத்தடித்ததுதான் என் வருத்தம். இயற்கை "இல்லை" என்று சொன்னால் அது விடை. அலுவலகக் கோப்பு ஒன்றுமே சொல்லாமல் கிடந்தால் அந்த வருஷங்களுக்குக் கணக்கே இல்லை. அதை நம்பிப் படிக்க வந்த பிள்ளைகளின் வயது யாருக்காகவும் நிற்கவில்லை.

ஆகவே நண்பர்களே, உங்கள் பேரனோ பேத்தியோ இந்த வழியில் போக ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். மேலே சொன்ன மூன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டு அனுப்புங்கள். அதன்பின் ஒவ்வொரு பொங்கலுக்கும் ஊருக்கு வரும்போது "என்ன கண்டுபிடித்தாய்?" என்று கேட்காதீர்கள். "இப்போது எதை எண்ணிக்கொண்டிருக்கிறாய்?" என்று கேளுங்கள். அதற்கு அவர்களிடம் எப்போதும் பதில் இருக்கும். உட்கார்ந்து கேட்க நமக்கும் நேரம் இருக்கிறது.