எட்டிப் பார்க்கும் கண்ணுக்கு என்ன விலை?

மும்பை செம்பூரில் ஹார்பர் ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் சிவ்ரி. குளிர்காலம் தொடங்கி மே மாதம் வரை அங்குள்ள கடலோரச் சேற்றில் பூநாரைகள் மேய வரும். வேடிக்கை பார்க்க வருபவர்களில் சிலரது கழுத்தில் 'அல்ட்ரா ஜூம்' கேமரா தொங்கும். லென்ஸ் மாற்றும் தொல்லை இல்லை. வீட்டு விசேஷம் முதல் நிலாவின் பள்ளங்கள் வரை எல்லாவற்றுக்கும் ஒரே கருவி.

இந்த ரகத்தில் பேர் போனது நிக்கானின் கூல்பிக்ஸ் வரிசை. 2015இல் வந்த பி900, 83 மடங்கு ஜூம் கொண்டது. 2018இல் வந்த பி1000, 125 மடங்கு. 2025இல் பி1100 வந்தது. பழையதை வைத்திருப்பவர் புதியதற்கு மாறலாமா?

பி1000 வைத்திருப்பவர்கள் பர்ஸை மூடிக்கொள்ளலாம். புதியதிலும் அதே 24-3000 மி.மீ. லென்ஸ், அதே 1.6 கோடி பிக்ஸல். யுஎஸ்பி-சி இணைப்பும் சில சிறு வசதிகளும்தான் கூடுதல். பி900காரர்களின் நிலை வேறு. கூடுதல் ஜூமுடன், பின்னர் திருத்திக்கொள்ள உதவும் 'ரா' படங்களும் 4கே வீடியோவும் கிடைக்கும். ஆனால் 899 கிராமாக இருந்த கழுத்துச் சுமை 1,400 கிராமைத் தாண்டிவிடும்.

வாங்குமுன் ஒரு கணக்கு. ஜூமை முழுதாக நீட்டினால் லென்ஸின் துவாரம் எஃப்/2.8இலிருந்து எஃப்/8 ஆகச் சுருங்கும். சென்ஸாரில் விழும் வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகிவிடும். சென்ஸாரும் சிறியது. பழைய 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் பரப்பில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான். எனவே மாலை மங்கலில் பூநாரையின் இறகு புள்ளி புள்ளியாகத் தெரியும். நடுப்பகலில் வெளிச்சம் உண்டு. ஆனால் சேற்றிலிருந்து எழும் வெப்பக்காற்றில் பறவையே நெளியும். அதை எந்த லென்ஸாலும் சரிசெய்ய முடியாது.

தூரத்தை ஜூம் குறைத்துக் காட்டுகிறது. இடையில் உள்ள காற்றை அது அகற்றுவதில்லை. ஆகவே கடைக்குப் போகுமுன் கடல் ஏற்ற நேரத்தைப் பாருங்கள். நீர் ஏறத் தொடங்கும்போது பூநாரைகள் கரைப் பக்கமாக ஒதுங்கும். இளங்காலையில் அந்த நேரம் வாய்த்தால், கையிலுள்ள பழைய கேமராவே போதும். அந்த ஜூமுக்குச் செலவு ரயில் டிக்கெட் மட்டுமே.