ஞாயிற்றுக்கிழமையின் எண் என்ன?

ஞாயிற்றுக்கிழமைக்கு எண் என்ன என்று கணிப்பொறியைக் கேட்டால் ஒரே விடை கிடைப்பதில்லை. டாட்நெட் நூலகத்தில் அது 0. ஜாவாவின் பழைய காலண்டர் வகுப்பில் 1. 2014இல் ஜாவா 8 கொணர்ந்த புதிய வகுப்பில் 7. அங்கேயே வரிசை எண்ணைக் கேட்டால் 6. இலக்கியம் பயின்றோர்க்கு இது புதிதன்று. தொல்காப்பியரின் நிலப்பகுப்பில் முதலில் நிற்கும் முல்லை, ஐங்குறுநூற்றில் ஐந்தாவதாக வருகிறது. முல்லை மாறவில்லை, தொகுத்தவரின் வரிசை மாறியது.

இவ்வாறு பெயர்களை வரிசைப்படுத்தி வைக்கும் வகையை நிரலாளர்கள் 'எனம்' என்கிறார்கள். சிலர் வாயில் அது 'ஈனம்' என்றே விழுந்து தமிழாசிரியரைத் துணுக்குறச் செய்கிறது. நாமாக எண் தராவிடில், சி ஷார்ப் மொழி 0 தொடங்கித் தானே எண்ணிட்டுக்கொள்ளும். ஆனால் எந்த எனம் வந்தாலும் ஏற்கும் ஜெனரிக் நிரல் எழுதி, வந்ததை முழு எண்ணாக நேரே மாற்றச் சொன்னால் அம்மொழியின் கம்பைலர் மறுத்துவிடும். அடியில் இருப்பது பைட்டா, இன்ட்டா, லாங்கா என்பது அதற்குத் தெரியாது. வருவது எனமாகவே இருத்தல் வேண்டும் என்று நிபந்தனையிடும் வசதி 2018இல் 7.3 பதிப்போடு வந்தது. மறுப்பு அப்போதும் நீங்கவில்லை. ஆகவே ஆப்ஜெக்ட்டாக மாற்றிச் சுற்றுவழியில் செல்கிறார்கள். அடியில் இன்ட் இல்லையெனில் நிரல் ஓடும்போது அது முறிந்துவிழும். கன்வெர்ட் வகுப்பின் வழி சற்று மேலானது. எண் அடங்காவிடில் பிழையென்றாவது அறிவிக்கும்.

இம்மறுப்பைத் தொல்லை என்று பலர் நொந்துகொள்கின்றனர். நாம் அதன் பக்கமே நிற்கிறோம். பெயரை எண்ணாக்கும் இடத்தில் ஒருகணம் தயங்குவது நல்லது.

நாம் முன்னர்ப் பணியாற்றிய ஒரு கல்லூரியில் நிகழ்ந்ததைச் சொல்ல வேண்டும். வருகைப்பதிவு மென்பொருளில் வந்தார், வரவில்லை, மருத்துவ விடுப்பு என மூன்று நிலைகள். தரவுத்தளத்தில் 0, 1, 2. பருவத்தின் நடுவே 'ஆன் டியூட்டி' என்பதையும் சேர்க்கச் சொன்னார்கள். எழுதியவர் அதனை 'வந்தார்' என்பதற்கு அடுத்துச் செருகிவிட்டார். நிரல் முறையாக ஓடியது, பிழைச் செய்தி ஏதும் இல்லை. ஆனால் முன்பு சேமித்த 1 எல்லாம் ஆன் டியூட்டியாகப் படிக்கப்பட்டது. 2 எல்லாம் 'வரவில்லை' ஆயிற்று. வகுப்பைப் புறக்கணித்துத் திரையரங்கு சென்றவர்கள் கல்லூரிப் பணியில் இருந்தவர்களாயினர். மஞ்சள் காமாலையில் மூன்று வாரம் படுத்திருந்த மாணவிக்கோ வருகை போதவில்லையெனத் தேர்வு நுழைவுச்சீட்டு நிறுத்தப்பட்டது.

எண்ணைச் சேமிக்கத்தான் வேண்டுமெனில் ஒவ்வொரு பெயருக்கும் கையால் எண் எழுதுங்கள். புதியதற்கு இதுவரை வழங்காத எண்ணைத் தாருங்கள். நெடுநாள் வாழவேண்டிய பதிவெனில் பெயரையே சேமியுங்கள். சில பைட்டுகள் கூடும், அவ்வளவுதான். ஜாவாவின் வரிசை எண்ணை நம்பிப் பதிவேடு அமைப்பதை நாம் ஒருபோதும் ஏற்கமாட்டோம். பெரும்பாலான நிரலாளர்க்கு அதனால் பயனில்லை என்று அம்மொழியின் ஆவணமே கூறுகிறது.

அம்மாணவி தேர்வு எழுதினாள். துறையில் ஒரு மூத்த பேராசிரியர் கணினியை நம்பாமல் பழைய நீளப் பதிவேட்டிலும் குறித்து வந்திருந்தார். அவள் பெயருக்கு நேரே, வரிசையாக, 'ம.வி.' என்று மையால் எழுதியிருந்தது.