எப்பவும் அசதியா இருக்கா? சோம்பேறித்தனம்னு ஒதுக்காதீங்க!

எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் உடம்பு அசதியாவே இருக்கா? ‘ராத்திரி முழுக்க மொபைல் பார்த்தா இப்படித்தான்’ என்று வீட்டில் சொல்வார்கள். அதுவும் காரணமாக இருக்கலாம். ஆனால், நன்றாக ஓய்வெடுத்தும் வாரக்கணக்கில் அசதி போகவில்லை என்றால், திட்டு தேவையில்லை. ரத்தப் பரிசோதனைதான் தேவை.

முதலில் சந்தேகிக்க வேண்டியது ரத்தசோகை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இந்தப் பிரச்சினை இருக்கிறது. இத்தனை பேருக்கு இருப்பதாலேயே ‘பொம்பளைங்களுக்கு இதெல்லாம் சகஜம்’ என்று கடந்துபோவது சரியல்ல. மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, மூலம், குடல்புண் என எதுவும் பின்னால் இருக்கலாம்.

அடுத்தடுத்த சந்தேகங்கள்:

* எடை கூடி, குளிர் தாங்கவில்லையா? தைராய்டு குறைவாகச் சுரக்கலாம்.
* அடிக்கடி தாகம், சிறுநீர்? சர்க்கரை நோய்.
* சுத்த சைவமா, கை கால் மரத்துப்போகிறதா? வைட்டமின் பி12 குறைபாடு.
* பலத்த குறட்டை, பகலில் தூக்கம்? தூக்கத்தில் மூச்சுத்தடை.
* எதிலும் பிடிப்பில்லையா? மனச்சோர்வாகவும் இருக்கலாம்.

இதைப் பார்க்காமல் மெடிக்கல் ஷாப்பில் சத்து டானிக் வாங்கிக் குடித்தால், அசதி கொஞ்சம் குறையலாம். நோய் உள்ளேயே இருக்கும். எனவே, முதலில் டாக்டர், பிறகு டெஸ்ட், கடைசியில்தான் டானிக். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், காரணமில்லாத எடைக்குறைவு சேர்ந்தால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீங்க.