நீட்டத் தயங்கும் பாதம்



இடுப்பு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, மதுரையிலிருந்தோ திண்டுக்கல்லிலிருந்தோ கவுஞ்சிக்குத் திரும்பும் ஒருவரை நாம் எப்படிச் சந்திக்கிறோம்? ஹார்லிக்ஸும் பழங்களும் கொண்டுபோகிறோம். தலைமாட்டில் நின்று ஜெபிக்கிறோம். நடக்க முடிகிறதா என்று விசாரிக்கிறோம். இவை நல்லவையே. ஆனால் போர்வைக்குள் இருக்கும் பாதங்களை யார் கழுவுகிறார்கள், நகங்களை யார் வெட்டுகிறார்கள் என்று நாம் கேட்பதில்லை. அதைக் கேட்பதும், முன்வந்து செய்வதும் சபையின் கடமை என்பதே இந்த வாரம் நான் உங்கள்முன் வைக்கும் கருத்து.

1962ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்னும் மருத்துவர் உலோகப் பந்தையும் உறுதியான பிளாஸ்டிக் கிண்ணத்தையும் கொண்டு அமைத்த மூட்டே இன்றைய சிகிச்சைக்கு அடித்தளம். சுற்றியுள்ள தசைகள் ஆறும்வரை அந்தப் பந்து கிண்ணத்தைவிட்டு விலகும் அபாயம் உண்டு. ஆகவே, முதல் 6 முதல் 12 வாரங்கள் இடுப்பை 90 பாகைக்குமேல் மடக்கலாகாது, கால்மேல் கால் போடலாகாது, பாதத்தை உட்புறம் திருப்பலாகாது என்று பலருக்கும் மருத்துவர்கள் கட்டளையிடுகிறார்கள். அறுவைச் சிகிச்சையின் முறைக்கேற்ப இது சற்று மாறும். தரையில் அமர்ந்து, குனிந்து, கால் விரலைத் தொட்டே பழகியவர்கள் நாம். அந்த வாரங்களில் நம் பாதமே நம் கைக்கு எட்டாததாகிவிடுகிறது.

எட்டாத பாதம் கவனிக்கப்படாத பாதமாகிறது. நம் மலைக்குளிரில் குதிகால் விரைவில் வெடிக்கும். விரலிடுக்கில் ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். நீரிழிவு உள்ளவருக்கு அந்தச் சிறு வெடிப்பு வலியே இல்லாமல் புண்ணாகக்கூடும். பாதத்துப் புண்ணிலுள்ள கிருமி இரத்தத்தின் வழியே புதிய மூட்டைச் சென்றடையவும் கூடும். அப்படியானால் மறுபடியும் அறுவைச் சிகிச்சை மேசைக்கே போக நேரிடலாம்.

இந்த உண்மையை உலகத்துக்கு அழுத்தமாகக் கற்பித்தவர்களில் ஒருவர் நம் தமிழ்நாட்டு மலையொன்றில் பிறந்தவர். மருத்துவர் பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பணியாற்ற வந்தார். தொழுநோயாளரின் பாதங்கள் அழிவதற்குப் பெருங்காரணம் வலி உணர்வு அற்றுப்போவதே என்றும், உணராத காயத்தைக் கண்ணால் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்றும் அவர் காட்டினார். பின்னர் அமெரிக்காவில் நீரிழிவு நோயாளரின் பாதங்களுக்கும் அதே பாடத்தைப் பயன்படுத்தினார். அவருடைய தாயார் எவ்லின் பிராண்ட் முதுமையில் இடுப்பெலும்பு முறிந்த பின்னும் கோல் ஊன்றி மலைக்கிராமங்களில் ஊழியம் செய்தவர். தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்பதே பிராண்ட் தந்த பாடம். குனிய இயலாதவருக்கு அதைப் பார்க்கும் கண் பிறருடையதாகவே இருக்க வேண்டும்.

இங்கேதான் தடை வருகிறது. பெரியவர்கள் காலைத் தொட்டு வணங்குவது நமக்கு மரியாதை. அதே பெரியவர் மருமகளிடம் காலை நீட்டி நகம் வெட்டச் சொல்வதோ வெட்கம். கூசி, யாரும் இல்லாத வேளையில் தாமே குனிந்துவிடுகிறார்கள். ஒரு கணத்தில் மூட்டு விலகிவிடலாம். யோவான் 13ஆம் அதிகாரத்தில் பேதுருவும் கூசி மறுத்தார். ஆண்டவர் அந்த மறுப்பை ஏற்றுக்கொள்ளவில்லை. பாதத்தைக் கழுவுவது மட்டுமல்ல, கழுவ ஒப்புக்கொடுப்பதும் சீஷத்துவத்தின் பாடமே. தாய்மாரே, தகப்பன்மாரே, நீங்கள் பாதத்தை நீட்டுவது அவமரியாதை அன்று.

குடும்பத்தார் பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்பீர்கள். காலையிலிருந்து பூண்டுக் காட்டில் களையெடுத்துவிட்டு வரும் மருமகளை எண்ணிப்பாருங்கள். பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்க, தனித்திருக்கும் விதவையையும் எண்ணிப்பாருங்கள். 2 சாமுவேல் 19ஆம் அதிகாரத்தில் மேவிபோசேத் தன் பாதங்களைப் பராமரிக்காமல் விட்டிருந்தது அவனுடைய துக்கத்தின் அடையாளம். நம்மிடையே அது பல வேளைகளில் தனிமையின் அடையாளம். பெரிய வியாழனன்று வீட்டிலேயே கழுவிக்கொண்டு வந்த பாதங்களை ஆலயத்தில் மறுபடியும் கழுவுகிறோம். உண்மையாகவே கழுவவேண்டிய பாதங்கள் அன்று ஆலயத்துக்கு வர இயலாமல் கட்டிலில் கிடக்கின்றன.

செய்யவேண்டியது எளிது. நோயாளியை உயரமான, உறுதியான நாற்காலியில் அமர்த்துங்கள். முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்கட்டும். கழுவுகிறவர் மணையில் அமரட்டும். காலை மேலே தூக்கவோ இழுக்கவோ வேண்டாம். உணர்வு குறைந்த பாதம் சூட்டை அறியாது. ஆகவே வெந்நீரின் சூட்டை உங்கள் கையால் பாருங்கள். கணப்பருகே காலை வைக்கவும் விடாதீர்கள். விரலிடுக்கை ஒற்றித் துடையுங்கள். குதிகாலில் எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் வேண்டாம். நகத்தை நேராக வெட்டுங்கள். வெடிப்பையும் ஆணியையும் பிளேடால் சீவாதீர்கள். காலுறையைச் சுருக்கமில்லாமல் அணிவியுங்கள். பின்வார் உள்ள, வழுக்காத செருப்பே நல்லது. உள்ளங்காலை நோயாளியே பார்க்க விரும்பினால், பேரன் கைபேசியில் படமெடுத்துக் காட்டட்டும். புண், சீழ், சிவப்பு கண்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கெண்டைக்காலில் வலியோடு வீக்கமோ, திடீர் மூச்சுத்திணறலோ வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கவுஞ்சியிலிருந்து கொடைக்கானலுக்குப் போகும் வளைவுப் பாதை நீண்டது. சிகிச்சைக்குச் செல்லுமுன்னரே நகம் வெட்டி, பாதப் புண்ணை ஆற்றிக்கொள்வதும் அவசியம். தோலில் புண் இருந்தால் அறுவைச் சிகிச்சையே தள்ளிப்போகலாம்.

பிறரைச் சார்ந்திருக்கப் பழக்கிவிடலாமா என்ற கேள்வியும் நியாயமானதே. உதவி, தேவையுள்ள வாரங்களுக்கு மட்டுமே. நீளப் பிடியுள்ள செருப்புக் கரண்டியும், கோலில் கட்டிய மென்துணியும் இருந்தால் குனியாமலே அவர் சில வேலைகளைச் செய்துகொள்வார். செய்யக்கூடியதை அவரே செய்யட்டும். அனுமதி கேட்டுத் தொடுங்கள். ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணும் செல்வது கூச்சத்தைக் குறைக்கும்.

நம் சபையில் இனி ஒருவர் இச்சிகிச்சை முடிந்து வீடு திரும்பினால், பெண்கள் ஐக்கியமும் வாலிபரும் முறைவைத்து, 12 வாரங்களுக்கு வாரம் இருமுறை இருவராகச் செல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். மற்ற நாட்களில் வீட்டாரோ அண்டை வீட்டாரோ ஒருமுறை பாதத்தைப் பார்த்தால் போதும். பழக்கூடையோடு ஒரு துவாலையும் நகவெட்டியும் எடுத்துச் செல்லுங்கள். முதலில் பாதத்தைக் கழுவுங்கள், பிறகு ஜெபியுங்கள்.

சீஷரின் பாதங்களைக் கழுவின ஆண்டவர், கழுவும் கரங்களையும் நீட்டப்படும் பாதங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.