தையல் மெஷின் வந்தது. தைக்கத் துணி வருமா?

சான்றிதழோடு நின்று போகும் பெண்கள்

சென்னை—

கையில் 6 மாதப் பயிற்சி சான்றிதழ் இருக்கிறது. வீட்டு மூலையில் தையல் மெஷினும் இருக்கிறது. ஆனால் மெஷின் மேல் மூடிய துணியை எடுத்துப் பல நாளாகிறது!

கணவனை இழந்தோ, கணவனால் கைவிடப்பட்டோ, "இனி யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது" என்று தையல் படித்த எத்தனையோ பெண்களின் கதை இப்படி முடிகிறது.

படித்தவர்களுக்கு ஏன் பிழைப்பு நடக்கவில்லை?

யாருக்கு மெஷின்?

தமிழக அரசின் சமூக நலத்துறை இலவச தையல் மெஷின் வழங்குகிறது. 1967-ல் அண்ணா மந்திரிசபையிலும், 1979-ல் மத்திய மந்திரிசபையிலும் இருந்த சத்தியவாணி முத்து பெயரில் நடக்கும் திட்டம் இது.

விதவைகள், கைவிடப்பட்டவர்கள், ஆதரவற்ற பெண்கள், மாற்றுத் திறனாளிகள் ஆகியோர் கேட்கலாம். வயது 20 முதல் 40 வரை. வருமான வரம்பும் உண்டு. பதிவு பெற்ற நிலையத்தில் 6 மாதம் தையல் படித்த சான்றிதழ் கட்டாயம்.

செல்போனில் வீசும் வலை

ஏமாற்றுப் பேர்வழிகள் நுழைவது இங்கே தான்.

"மத்திய அரசு எல்லாப் பெண்களுக்கும் இலவச மெஷின் தருகிறது. உடனே இந்த லிங்கை அமுக்குங்கள்" என்று செல்போனுக்குச் செய்தி வரும். ஆதார் எண் கேட்பார்கள், வங்கிக் கணக்கு கேட்பார்கள்.

அப்படி ஒரு திட்டமே கிடையாது என்று மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகம் 2020-லேயே அறிவித்து விட்டது. ஓ.டி.பி. எண்ணைச் சொன்னால் மெஷின் வராது. கணக்கில் இருக்கும் பணம் தான் போகும்!

"கிளாசுக்கே வர வேண்டாம், சான்றிதழ் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னாலும் நம்பக் கூடாது. சான்றிதழ் துணி வெட்டாது.

கட்டிங்கில் தான் காசு

நேர்த் தையல் சில நாளில் கைக்கு வந்து விடும். தொழிலின் உயிர் கட்டிங்.

ஜாக்கெட் துணியில் கத்தரிக்கோல் ஒரு விரல் தள்ளிப் போனால் போதும். புடவையோடு வந்த துணி பாழ். அதே துணி கடையில் கிடைக்காது.

"என்னக்கா, போன தடவை கழுத்து இறங்கிப் போச்சே" என்று ஒரு தடவை சொன்ன வாடிக்கைக்காரி மறு தடவை வர மாட்டாள்.

இந்தப் பயத்தால் புதிதாகப் படித்தவர்கள் வெட்டத் துணிவதில்லை. புடவைக்கு ஓரம் அடிப்பது, பட்டன் கட்டுவது, வெட்டிக் கொடுத்த நைட்டியைத் தைப்பது என்று பீஸ் ரேட் வேலைக்குப் போய் விடுகிறார்கள்.

ரேட் பேசுவது இன்னொருவர். வாடிக்கைக்காரர் கை நீட்டுவதும் அவரிடம் தான். நூல், ஊசி, கரண்டு பில் மட்டும் இந்தப் பெண்ணின் தலையில்!

ஆடியில் என்ன செய்வது?

தீபாவளி, பொங்கல், பள்ளி திறக்கும் ஜூன் மாதம் என்றால் ராத்திரி தூக்கம் கிடையாது. ஆடியில் கல்யாணம் இல்லை. கல்யாண ஜாக்கெட்டும் இல்லை. ஆனால் வீட்டு வாடகைக்கு ஆடியும் ஒன்று தான், ஐப்பசியும் ஒன்று தான்.

இதற்கு ஒரு வழி ஏற்கனவே இருக்கிறது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் சத்துணவு சாப்பிடும் 1 முதல் 8-ம் வகுப்பு பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு 4 ஜோடி சீருடை இலவசம். இவற்றைத் தைப்பது மகளிர் தையல் கூட்டுறவு சங்கங்களின் பெண்கள். துணி தேடி அலைய வேண்டாம். ஆர்டர் அரசிடமிருந்தே வருகிறது. மெஷினோடு வேலையும் சேர்ந்து வந்தால் தொழில் நிற்கும் என்பதற்கு இதுவே சாட்சி.

தையல் தொழிலாளர்களுக்கென்று தனி நல வாரியமும் உண்டு. அதில் பதிந்தால் பிள்ளைகள் படிப்பு, பிரசவம், விபத்து, முதுமை ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு உதவி கிடைக்கும். வீட்டிலேயே தைக்கிற பெண்ணும் தொழிலாளி தான். இது தெரியாததால் பலர் பதிவதே இல்லை.

சேரும் முன் கேளுங்கள்

பயிற்சியில் சேரும் முன் மூன்று கேள்வி கேட்க வேண்டும். கட்டிங் கற்றுத் தருவார்களா? தாளில் மட்டுமா, துணியிலும் வெட்ட விடுவார்களா? முடித்த பின் ஆர்டர் வாங்கவும் கூலி பேசவும் வழி காட்டுவார்களா?

மூன்றுக்கும் "ஆமாம்" என்றால் சேரலாம்.

மெஷின் கொடுப்பது ஒரு நாள் விழா. மேடை, மாலை, போட்டோ எல்லாம் அன்றோடு சரி. மறுநாள் காலையில் அந்த மெஷினில் வைக்கத் துணி வேண்டும். அடுப்பு எரிவது அதில் தான்.